ஓய்வு நாளை உண்மையாகவே கொடுப்பது எப்படி: இல்லப் பணிப்பெண் அமர்த்தியிருக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்கும் நாட்காட்டியில், ஒவ்வொரு மாதமும் முதலில் வட்டமிடப்படுபவை எங்கள் இல்லப் பணிப்பெண்ணின் ஓய்வு நாள்கள். மாமியாரின் மருத்துவச் சந்திப்பு, உறவினர் திருமணம், கோயில் விசேஷம் எல்லாம் அதற்குப் பிறகே இடம்பெறும். இந்த ஒழுங்குக்கு வந்து சேர எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த முதலாண்டில் "அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்" என்று நாங்கள் தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அவரை வருத்த வேண்டும் என்று எங்களில் எவரும் நினைத்ததில்லை. மறதிநோயால் பாதிக்கப்பட்ட மாமியாரை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு வீட்டில் எவரிடமும் விடை இல்லை; அதனால் ஒவ்வொரு வாரமும் பணிப்பெண்ணே அந்த விடையாக இருந்துவிட்டார்.

சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதி என்றாலும், நம் தமிழ்க் குடும்பங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் வந்த பெண்களும் இருக்கிறார்கள். ஓய்வு நாள் கிடைக்காத வீடுகளில் பெரும்பாலானவை, நான் பார்த்த வரையில், கொடுமை செய்யும் வீடுகள் அல்ல. அந்த ஒரு நாளுக்கான ஏற்பாட்டைச் செய்து வைக்காத வீடுகள். ஆகவே ஏற்பாட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

சட்டமும் கணக்கும்

இல்லப் பணிப்பெண்கள் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருவதில்லை. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு அமர்த்துவது பற்றிய தனிச் சட்டமும், வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளுமே அவர்களுக்குப் பொருந்தும். 2013 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிச் சீட்டுகளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயமாயிற்று. ஆனால் பணிப்பெண் சம்மதித்தால் அந்த நாளில் வேலை செய்து, அதற்கு ஈடாகக் குறைந்தது ஒரு நாள் சம்பளத்தையோ அதே மாதத்தில் மாற்று ஓய்வு நாளையோ பெற்றுக்கொள்ளலாம் என்ற விலக்கும் உடன் இருந்தது. அந்த விலக்கின் வழியே மாதத்தின் எல்லா ஓய்வு நாள்களையும் பணமாக மாற்றிவிடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் அதற்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது: மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. பணிப்பெண்ணே "எனக்குப் பணம் போதும்" என்று சொன்னாலும் அந்த ஒரு நாள் ஓய்வு நாள்தான்.

ஈட்டுத்தொகையின் கணக்கு எளிது. மாதாந்தர அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் வரும். சம்பளம் 650 வெள்ளி என்றால் ஒரு நாளுக்கு 25 வெள்ளி. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உள்ள மாதத்தில் அவர் ஒன்றில் ஓய்வெடுத்து மூன்றில் சம்மதித்து வேலை செய்தால், அந்த மாதம் அவர் கைக்கு 725 வெள்ளி போய்ச் சேர வேண்டும். "எல்லாம் சேர்த்து 650" என்று முகவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அதற்கு மேல் ஈட்டுத்தொகை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

சம்மதம் என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். சனிக்கிழமை இரவு, வீட்டுக்கு வந்த விருந்தினர் எதிரில், "நாளைக்கு வேலை இருக்கிறது, பணம் தந்துவிடுகிறோம், சரிதானே?" என்று கேட்டால் எந்தப் பணிப்பெண்ணால் மறுக்க முடியும்? அவர் தலையாட்டுவது அச்சத்தாலா விருப்பத்தாலா என்று நமக்கே தெரியாது. வாரத்தின் நடுவில், தனியாக, அவர் வேண்டாம் என்றால் நம்மிடம் மாற்று ஏற்பாடு தயாராக இருக்கும் நிலையில் கேளுங்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் கேட்கப்படும் கேள்வி கட்டளையாகத்தான் அவர் காதில் விழும்.

"அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி"

தமிழ் பேசும் பணிப்பெண்களுக்கு ஓய்வு நாள் கிடைக்காமல் போவதற்கு ஒரு தனிக் காரணம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவரிடம் ஆங்கிலத்தில் பேசும்போது இயல்பாகவே ஓர் இடைவெளி இருக்கும். அவர் வேலைக்கு வந்தவர் என்பது இரு தரப்புக்கும் நினைவில் இருக்கும். தமிழ் பேசும் பெண்ணிடமோ முதல் நாளே "நீ, வா, போ" என்று தொடங்கிவிடுகிறோம். அவர் நம் சமையலை அறிந்தவர், நம் பாட்டியின் பழமொழி புரிந்தவர், நம்மோடு கோயிலுக்கு வருபவர். அதனால் "வீட்டுப் பெண்ணுக்கு எதற்குத் தனியாக விடுமுறை? நாங்கள் வெளியே போகும்போது கூட்டிக்கொண்டுதானே போகிறோம்?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. தேக்காவுக்கு அவரையும் அழைத்துச் சென்று, காய்கறிப் பைகளைச் சுமக்கச் செய்து, குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளச் செய்து திரும்புவது அவருக்கு வேலை நாள்தான். அன்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் நம் வீட்டுப் பெண் உடல் நோகிறது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். பணிப்பெண்ணுக்கு அந்த உரிமையை நாட்காட்டியில் எழுதினால்தான் கிடைக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஆண்கள் கூட்டம், இவள் தனியாகப் போனால் பாதுகாப்பு இல்லை" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. சிங்கப்பூரில் முதன்முறை இல்லப் பணிப்பெண்ணாக வருவதற்கே 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடல் கடந்து வந்து ஒரு குடும்பத்தைத் தாங்குபவருக்குச் சிராங்கூன் சாலையில் நடந்துபோகத் தெரியும். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறாரா, தோழிகளோடு பூங்காவில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாரா என்பது அவருடைய நேரம். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்ற விசாரணையைத் தவிர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு அழைக்க அவரிடம் கைப்பேசி இருந்தால் போதுமானது.

ஐயாயிரம் வெள்ளி அச்சம்

மலேசியர் அல்லாத ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளிப் பிணைப்பத்திரம் வழங்குகிறார்; நிபந்தனைகள் மீறப்பட்டால் அந்தத் தொகை பறிக்கப்படலாம். "வெளியே விட்டால் ஓடிவிடுவாள், கர்ப்பமாகிவிடுவாள், ஐயாயிரம் போய்விடும்" என்ற அச்சத்தில்தான் எத்தனையோ பெண்கள் பூட்டிய கதவுக்குள் வைக்கப்பட்டார்கள். விதிகள் அந்த அச்சத்தை ஆதரிப்பதில்லை. 2010 முதல், பணிப்பெண் தாமாகவே வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனையை மீறினால், நிபந்தனைகளை அவருக்கு முன்கூட்டியே விளக்கியிருந்து, மீறல் தெரிந்தவுடன் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்துவிட்ட முதலாளியின் பிணைத்தொகை பறிக்கப்படுவதில்லை. அவர் காணாமல் போனாலும், தேட நியாயமான முயற்சி எடுத்துக் காவல்துறையில் புகார் கொடுத்திருந்தால் பாதித் தொகையான 2,500 வெள்ளி மட்டுமே இழப்பாகும். பல்லாயிரம் வீடுகளிலிருந்து ஞாயிறுதோறும் பெண்கள் வெளியே போய் மாலையில் வீடு திரும்புகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்த நாளை எப்படி அமைப்பது

முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி, அவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கிழமை, காலை எத்தனை மணிக்கு ஓய்வு தொடங்குகிறது, இரவு எத்தனை மணிக்கு அவர் திரும்புவார், கிழமையை மாற்ற வேண்டியிருந்தால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தேவாலயத்துக்குப் போகிறவருக்கும், தோழிகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறவர்களாக இருப்பவருக்கும் செவ்வாய்க்கிழமை ஓய்வால் பெரிய பயன் இல்லை.

தொடக்க நேரத்தை எழுதச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் நடந்ததே காரணம். அவர் ஒழுங்காக வெளியே போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக நான் சீக்கிரம் விழித்துக்கொண்டேன். ஐந்து மணிக்குச் சமையலறை விளக்கு எரிந்தது. அவர் மாமியாருக்குக் கஞ்சி வைத்திருந்தார். மதியச் சமையலுக்கு முருங்கைக்காயை நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பிறகு மாமியாரின் அணையாடையை மாற்றி, முகம் துடைத்துவிட்டு, துணிகளைக் காயப்போட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினார். மாலை ஆறரைக்குத் திரும்பியபோது கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே பாத்திரத் தொட்டிக்குப் போனார். காலையிலிருந்து நாங்கள் சாப்பிட்ட தட்டுகள் எல்லாம் அங்கே குவிந்திருந்தன. நாட்காட்டியில் வட்டமிட்டிருந்த அந்த நாளில் அவர் ஏறத்தாழ ஏழு மணி நேரம் வேலை செய்திருந்தார்.

அதன் பிறகு வீட்டில் சில விதிகளை வைத்துக்கொண்டோம். ஓய்வு நாளன்று அவர் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை எந்த வேலையும் இல்லை. வீட்டிலேயே தூங்க விரும்பினாலும் அப்படித்தான். அன்றைய பாத்திரங்களை அன்றைக்கே நாங்கள் கழுவுவோம். திங்கட்கிழமை இட்லிக்கு மாவு அரைப்பது சனிக்கிழமையே முடிந்துவிடும், அல்லது கடையில் வாங்கிக்கொள்வோம். அவர் வெளியே போகாத நாளிலும் அவருக்குச் சாப்பாடு உண்டு. வெளியே போனால் உணவுக்கும் பேருந்துக்கும் சிறு தொகை கொடுக்கிறோம். இந்தத் தொகை சட்டத்தில் இல்லை, எங்கள் விருப்பம்.

முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஏற்பாடு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பணிப்பெண்ணைத் தவிர வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது முதியவரைத் தூக்கி உட்காரவைக்கவும், மருந்து கொடுக்கவும், அணையாடை மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் வீட்டு ஆணாக இருப்பது நல்லது. என் கணவர் தம் தாயாருக்கு இதையெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டது பணிப்பெண்ணிடமிருந்துதான். நான்கு சனிக்கிழமை மாலைகள் அவர் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு தானே செய்தார். உடன்பிறந்தோர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஆள் பலமே இல்லாத குடும்பங்கள் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை அணுகினால், வீட்டுக்கே வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் இடைக்காலப் பராமரிப்புச் சேவை பற்றியும், வார இறுதியில் முதியோரை ஏற்கும் பராமரிப்பு நிலையங்கள் பற்றியும் தகவல் பெறலாம். இதற்குச் செலவாகும். ஆனால் 67 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் உள்ள குடும்பங்கள், பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வையாக 300 வெள்ளிக்குப் பதிலாக 60 வெள்ளி மட்டுமே செலுத்தும் சலுகையைப் பெறுகின்றன. அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அந்த ஒரு நாளுக்கு ஒதுக்குவது நியாயம் என்று நினைக்கிறேன்.

முதல் சில வாரங்கள் முதியவர் முரண்டு பிடிப்பார். எங்கள் மாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் "அந்தப் பிள்ளை எங்கே?" என்று கேட்டு அழுதார். நான்காவது வாரம் மகன் கையால் கஞ்சி குடித்தார்.

தினசரி உறக்கமும் இடமும்

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு மற்ற ஆறு நாள்களும் நள்ளிரவு வரை வேலை வாங்கினால் அந்த ஒரு நாள் தூங்குவதற்கே சரியாகப் போய்விடும். இரவில் தொடர்ச்சியாக எட்டு மணி நேர உறக்கத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எழுந்திருக்கும் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், இரவுக் கண்விழிப்பைக் குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முடியாத நாளில் மறுநாள் மதியம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவதற்கான நேரத்தை அட்டவணையிலேயே எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் தேநீர் கேட்பதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

தனி அறை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டாலும் வயது வந்த ஆணோ பதின்ம வயதுப் பையனோ உறங்கும் அறையில் அவரைப் படுக்கவைக்கக் கூடாது. அடுக்குமாடி வீடுகளில், போர்க்காலப் பாதுகாப்புக்காகக் கட்டப்படும் புகலிட அறையைப் பணிப்பெண்ணின் அறையாக ஆக்குவது பரவலான வழக்கம். அந்த அறைக்குச் சன்னல் இல்லாததால் நல்ல மின்விசிறியும் காற்றோட்டமும் இருக்கிறதா என்று ஒரு பிற்பகல் நீங்களே கதவைச் சாத்திக்கொண்டு அங்கே படுத்துப் பாருங்கள். மெத்தை, தலையணை, போர்வை, உடைமைகளைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி இவை இருந்தாக வேண்டும். வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் உறங்கும் இடத்தையும் உடை மாற்றும் இடத்தையும் குளியலறையையும் நோக்கிக் கேமரா வைக்கக் கூடாது.

சாப்பாட்டில் மனிதவள அமைச்சு ஓர் அளவையே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது: காலையில் நான்கு ரொட்டித் துண்டுகள், மதியமும் இரவும் ஒரு கிண்ணம் சோறு, முக்கால் கோப்பைக் காய்கறி, உள்ளங்கை அளவு மீனோ இறைச்சியோ, பழம். சைவக் குடும்பங்கள் இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மீனும் கோழியும் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணை ரசத்திலும் பொரியலிலும் இரண்டு ஆண்டு வைத்திருப்பது அவர் உடலுக்கு எளிதல்ல. வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுவதும், முட்டை, பருப்பு, பயறு முதலியவற்றைக் கூட்டிக் கொடுப்பதும், வெளியே வாங்கிச் சாப்பிட ஒரு தொகை ஒதுக்குவதும் செய்யக்கூடியவை. நாம் சாப்பிட்டு மிஞ்சியதை அவருடைய பங்கு என்று கணக்கிடும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

பணம், கடப்பிதழ், கடன்

சம்பளத்தை மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் செலுத்துவது இரு தரப்புக்கும் சான்றாக இருக்கும். "நான் பத்திரமாகச் சேர்த்து வைத்து ஊருக்குப் போகும்போது தருகிறேன்" என்பது நல்ல எண்ணமாகத் தோன்றினாலும், பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி வைத்திருப்பதற்கு 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. கடப்பிதழும் அப்படியே, அது அவருடைய உடைமை, அவரிடமே இருக்க வேண்டும். மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது.

வேலைக்கு வருவதற்காகப் பட்ட கடனைக் கழிக்கும் முதல் சில மாதங்களில் பல பெண்களின் கைக்கு மிகச் சிறிய தொகையே வந்து சேர்கிறது. அந்த மாதங்களில்தான் "கடன் தீரட்டும், பிறகு ஓய்வு நாள் பார்க்கலாம்" என்ற பேச்சு எழும். கடன் இருந்தாலும் மாதத்துக்கு ஒரு நாள் கட்டாய ஓய்வு உண்டு. புதிதாக வந்து, மொழியும் வழியும் தெரியாமல் திணறும் அந்த மாதங்களில்தான் அவருக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

மாதத்துக்கு ஒரு நாளையேனும் விலைபேச முடியாததாக அரசாங்கம் ஆக்கியதற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2016 ஜூலையில், மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பணிப்பெண் ஒருவர் பல மாதச் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது அவருடைய எடை 24 கிலோகிராம். கைப்பேசியும் ஓய்வு நாளும் இல்லை என்ற நிபந்தனையோடு அவர் வேலைக்கு வந்திருந்தார். அவரைக் கொன்ற முதலாளிக்கு 2021-இல் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே போயிருந்தால் அந்தப் பெண்ணின் காயங்களை யாரேனும் பார்த்திருப்பார்கள். 2021 முதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பணிப்பெண்ணின் எடையையும் சந்தேகத்துக்கிடமான காயங்களையும் மருத்துவர் கவனித்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்கு நீங்கள் அழைத்துச் சென்றால் மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருங்கள். அவர் தனியாகப் பேசட்டும்.

உதவி எண்கள்

மனிதவள அமைச்சு பணிப்பெண்களுக்காக நடத்தும் உதவி எண் 1800 339 5505. தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் 2016-இல் தொடங்கிய இல்ல ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233. இரண்டையும் அவர் வந்த முதல் வாரத்திலேயே அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். எங்கள் பணிப்பெண்ணிடம் கொடுத்தபோது, "இது எதற்கு அக்கா?" என்று கேட்டார். நாங்கள் ஏதாவது தவறு செய்தால் கூப்பிட வேண்டிய எண் என்று சொன்னேன். அவர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு எண்களையும் தம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டார்.